ஃபிரெட்: அதிபர்களின் கடனைப் பற்றி வாதிடுவோர் முதலில் திறக்க வேண்டிய இலவசச் சேவை

அமெரிக்க அதிபர்களில் நாட்டை அதிகக் கடனில் தள்ளியவர் யார் என்ற வாதத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு கருவியைப் பரிந்துரைக்கச் சொன்னால், தயங்காமல் ஃபிரெட்டைச் சொல்வேன். அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் செயின்ட் லூயிஸ் வங்கியில், ஆய்வுப் பிரிவு நடத்தும் பொருளாதாரத் தரவுச் சேவை அது. கட்டணம் கிடையாது. விளம்பரம் கிடையாது. கணக்குத் தொடங்காமலேயே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தரவு வரிசைகளை (ஒரே அளவு காலப்போக்கில் மாறுவதைக் காட்டும் எண்களை) வரைபடமாகப் பார்க்கலாம், எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வரைந்த படத்தைச் சேமித்து வைக்க மட்டும் ஒரு இலவசக் கணக்கு வேண்டும். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். அதன் பலம் எது, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அண்ணன் குடும்பம் டெக்சஸில். அண்ணன் ரீகன் காலத்தின் முடிவில் இங்கு வந்தவர். ரீகன்தான் அமெரிக்காவை நிமிர வைத்தார் என்று உறுதியாக நம்புகிறார். என் மகள் ஒபாமா ஆட்சியில் பள்ளிப் படிப்பை முடித்தவள். 2008 சரிவிலிருந்து நாட்டை மீட்டது ஒபாமாதான் என்பாள். விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தால், பற்றாக்குறை, அதாவது ஓர் ஆண்டில் அரசின் செலவு வரவை மிஞ்சும் தொகை, பற்றிய பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். முன்பெல்லாம் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள், எதற்கும் ஆதாரம் இருக்காது. எண்ணைச் சொல்பவர் அதை ஃபிரெட்டில் எடுத்துக் காட்ட வேண்டும் என்று நான் வைத்த விதியை இப்போது இருவருமே மதிக்கிறார்கள். வாதம் நிற்கவில்லை, தரம் உயர்ந்திருக்கிறது.

முதலில் இதைக் கேளுங்கள். கூட்டரசின் மொத்தக் கடன் என்ற வரிசையைத் திறந்தால் 1966 முதல் இன்றுவரை மேலே மேலே ஏறும் ஒரு கோடு வரும். அதைப் பார்க்கும் எவருக்கும் கடைசியாக ஆண்டவர்தான் மிகப் பெரிய கடனாளி என்று தோன்றும். 2025 ஜனவரியில் பைடனின் பதவிக்காலம் முடிந்தபோது கடன் 36 டிரில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு டிரில்லியன் என்பது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. 1981 செப்டம்பர் இறுதியில், ரீகனின் முதல் ஆண்டில், அதே கடன் ஒரு டிரில்லியனுக்குச் சற்றுக் கீழே இருந்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் ரீகன் சிக்கனக்காரர் ஆகிவிடுவார். ஆனால் 1989 செப்டம்பர் இறுதியில் கடன் 2.86 டிரில்லியன், எட்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டாலர் கணக்கில் சிறியது, மடங்குக் கணக்கில் மிகப் பெரியது.

இங்குதான் ஃபிரெட் உதவிக்கு வருகிறது. கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாகக் காட்டும் வரிசை அதில் தயாராகவே இருக்கிறது. தயாராக இல்லாத வரிசைகளுக்கும் வழியுண்டு: 'வரைபடத்தைத் திருத்து' என்ற பொத்தானை அழுத்தி, இரண்டாவது வரிசையைச் சேர்த்து, ஒன்றை மற்றதால் வகுக்கும் சூத்திரத்தை எழுதினால் போதும். பள்ளி மாணவரும் செய்துவிடலாம். அப்படிப் பார்த்தால் ரீகன் பதவியேற்றபோது சுமார் 31 சதவீதமாக இருந்த கடன், அவர் போகும்போது 50ஐ நெருங்கியிருந்தது. போர் இல்லாத காலத்தில், பெரும்பாலும் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நடந்த ஏற்றம் இது. அண்ணன் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு பணவீக்கத்தின் கோட்டையும் அதே படத்தில் சேர்க்கச் சொன்னார். நியாயமான கோரிக்கைதான். 1980இல் 13 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983இல் 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதைச் சாதித்ததில் பெரும் பங்கு, வட்டியைக் கடுமையாக உயர்த்திய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்க்கருடையது. அவரை 1979இல் நியமித்தவர் கார்ட்டர். அந்த மருந்தின் கசப்பும் அதே சேவையில் பதிவாகியிருக்கிறது: 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம்.

எனவே ரீகனின் பொருளாதார மரபு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. 1981இல் பெரிய வரிக் குறைப்பைக் கொண்டுவந்தார். மேல்தட்டு வருமான வரி விகிதம் 70 சதவீதத்திலிருந்து 50 ஆனது. பற்றாக்குறை வீங்கியதும் 1982இலும் 1984இலும் வரிகளை உயர்த்தும் சட்டங்களில் அவரே கையெழுத்திட்டார். 1986 சட்டம் மேல்விகிதத்தை 28க்குக் கொண்டுவந்தது. இந்தக் கடைசிச் சட்டம் நம் குடும்பக் கடனையும் தொட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மிகக் கடுமையாக வாதிடப்படுவது 2009ஆம் ஆண்டு. அந்த நிதியாண்டின் பற்றாக்குறை சுமார் 1.4 டிரில்லியன் டாலர். அண்ணனின் பட்டியலில் அது முழுவதும் ஒபாமாவின் கணக்கு. மகளின் பட்டியலில் முழுவதும் அவருக்கு முன் ஆண்ட இளைய புஷ்ஷின் கணக்கு. ஃபிரெட்டின் வரைபடத்தில் 2009 என்று ஒரு புள்ளிதான் இருக்கும். வரைபடத்துக்குக் கீழே உள்ள குறிப்பையும் படிப்பவருக்கே அது நிதியாண்டு என்பது தெரியும். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30இல் முடிகிறது. அதாவது 2009 நிதியாண்டு 2008 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது, ஒபாமா பதவியேற்பதற்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் முன்பு. வங்கிகளைக் காப்பாற்ற 700 பில்லியன் டாலர்வரை ஒதுக்கிய சட்டத்தில் புஷ் 2008 அக்டோபர் 3இல் கையெழுத்திட்டார். 2009 ஜனவரியில், புதிய அதிபர் பதவிக்கு வரும் முன்பே, நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் அந்த ஆண்டுப் பற்றாக்குறை 1.2 டிரில்லியனாக இருக்கும் என்று கணித்துவிட்டது. பொருளாதாரத்தைத் தூக்கிநிறுத்த பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட ஊக்கச் சட்டத்தின் மதிப்பு 787 பில்லியன். அதில் பெரும்பகுதி அந்த ஆண்டில் செலவாகவில்லை, அடுத்த ஆண்டுகளுக்குப் பரவியது.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வரவுப் பக்கம். வேலை போனது, லாபம் போனது, வரி வருமானம் ஒரே ஆண்டில் 400 பில்லியன் டாலருக்கு மேல் விழுந்தது. கணக்கு எழுதுபவளுக்கு இது புதிதல்ல. கடையில் விற்பனை படுத்துவிட்டால், முதலாளி ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்காமலேயே நஷ்டம் வந்துவிடும். செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள், வரவு வரிசையையும் செலவு வரிசையையும் ஒரே படத்தில் போட்டு 2008 முதல் 2010 வரை பாருங்கள். இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் விலகிப் போவதைக் கண்டால், பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஃபிரெட்டின் துணைச் சேவை ஒன்று உண்டு, ஆல்ஃபிரெட் என்று பெயர். பலருக்குத் தெரியாது. பொருளாதாரத் தரவுகள் வெளியான பிறகு பலமுறை திருத்தப்படும். திருத்துவதற்கு முன் எந்த நாளில் எந்த எண் இருந்தது என்பதை ஆல்ஃபிரெட் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2008இன் கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியதாக 2009 ஜனவரி இறுதியில் முதல் மதிப்பீடு வந்தது. பிறகு திருத்தித் திருத்தி அந்தச் சுருக்கம் 8 சதவீதத்துக்கும் மேல் என்று ஆகியிருக்கிறது. ஊக்கத் தொகை அதிகமா குறைவா என்று தீர்ப்புச் சொல்பவர்கள், அன்று அந்த அறையில் இருந்தவர்களின் கையில் எந்த எண் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஓர் ஆட்சியாளரை அளக்க இதைவிட நேர்மையான கருவியை நான் பார்த்ததில்லை.

அடுத்து கிளின்டன். 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகள் உபரி. 2000இல் மட்டும் 236 பில்லியன் டாலர். மகள் இதைச் சொன்னதும் அண்ணன் மொத்தக் கடன் வரிசையைத் திறந்து, "உபரி என்றால் கடன் ஏன் ஏறியிருக்கிறது, சொல் பார்ப்போம்" என்றார். உண்மையிலேயே ஏறியிருக்கிறது: 1997 செப்டம்பரில் சுமார் 5.4 டிரில்லியன், 2000 செப்டம்பரில் சுமார் 5.7. இருவருமே சரி. மொத்தக் கடனில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, பொதுமக்கள், வங்கிகள், வெளிநாடுகள் ஆகியோர் கையில் இருக்கும் கடன் பத்திரங்கள். மற்றது, முதியோர் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு நிதி போன்ற அரசின் சொந்த நிதியங்கள் கையில் இருப்பவை. அந்த ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு நிதியில் பணம் குவிந்தது; குவிந்த பணம் சட்டப்படி அரசின் கடன் பத்திரமாக மாறியது. அதனால் மொத்தம் ஏறியது, வெளியாருக்குக் கொடுக்க வேண்டியது இறங்கியது. ஃபிரெட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரிசைகள் உள்ளன. எதைத் திறக்கிறோம் என்று தெரியாமல் திறந்தால், உபரியே பொய் என்று ஒருவர் முழு நம்பிக்கையோடு நிரூபித்துவிடுவார்.

அந்த உபரிக்கான புகழ் முழுவதையும் கிளின்டனுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1993 வரிச் சட்டத்துக்குத் துணிச்சல் தேவைப்பட்டது. செனட்டில் ஓட்டுகள் சமமாக நிற்க, துணை அதிபர் அல் கோர் தன் ஓட்டைப் போட்டு நிறைவேற்றினார். பங்குச் சந்தை ஏற்றமும் வரியைக் கொட்டியது. ஆனால் அதற்கு முன்பே, 1990இல், மூத்த புஷ் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். புதிய வரிகள் இல்லை என்று 1988இல் மேடையேறிச் சொன்ன சொல்லை மீறி வரியை உயர்த்தினார், செலவுக்கு உச்சவரம்பு வைத்தார். அந்த உச்சவரம்புகள்தான் 1990களின் பெரும்பகுதியில் நாடாளுமன்றத்தின் கையைக் கட்டி வைத்தன. அதற்காகச் சொந்தக் கட்சியே அவரைத் தூற்றியது, 1992இல் தோற்றார். பற்றாக்குறை வரைபடத்தில் அவருடைய நான்கு ஆண்டுகள் மோசமாகத்தான் தெரியும். சேமிப்பு வங்கிகள் சரிந்த செலவும், 1990இன் மந்தமும் அவர் தலையில் விழுந்தன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். நாட்டின் கணக்கைச் சரிசெய்யத் தன் பதவியையே பணயம் வைத்தவர் என்று நான் அவரை மிகவும் மதிக்கிறேன். இதை எங்கள் வீட்டில் இரு தரப்பும் ஏற்பதில்லை.

இங்கே ஃபிரெட்டின் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். பொருளாதார மந்த காலங்களைச் சாம்பல் நிறப் பட்டைகளாக அது தானே காட்டுகிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அதிபர்களின் காலங்களை அப்படிக் காட்டுவதற்கு வசதி இல்லை. கட்சிச் சாயம் வேண்டாம் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கலாம். இருந்தாலும் வாசகர்கள் தாமே ஜனவரி 20ஐ எல்லையாக வைத்துக் கோடு கிழித்துக்கொள்கிறார்கள். நிதியாண்டின் எல்லை அக்டோபர் என்பதை மறந்துவிடுகிறார்கள். செலவை ஒதுக்குவது நாடாளுமன்றம் என்பதும் மறந்துபோகிறது. இரண்டு எல்லைகளையும் விரும்பினால் போட்டுக்கொள்ளும் வசதியைத் தந்தால் குழப்பம் குறையும்.

இரண்டாவது, விகிதக் கணக்கும் பொய் சொல்லும் நேரங்கள் உண்டு. 2020இன் இரண்டாம் காலாண்டில் கடன் விகிதம் 130 சதவீதத்தைத் தாண்டித் துள்ளியது. கடன் ஏறியது ஒரு காரணம். ஊரடங்கில் உற்பத்தி சரிந்து, கடனை வகுக்கும் எண் சுருங்கியது மற்றொரு காரணம். அடுத்த காலாண்டுகளில் விகிதம் இறங்கியதைக் கண்டு யாரோ கடனை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டிரம்ப்பின் முதல் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது கொரோனா ஆண்டை ஒதுக்கிவைத்துவிட்டு 2019ஐப் பாருங்கள். வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே, மந்தம் இல்லை. அப்படியும் பற்றாக்குறை 984 பில்லியன். நிறுவன வரியை 35இலிருந்து 21 சதவீதமாக்கிய 2017 சட்டத்துக்கு அதில் பங்குண்டு. நல்ல காலத்தில் அந்த அளவுக்குப் பற்றாக்குறை வைத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. பைடன் காலத்தில் வேலை நிலவரம் நன்றாக இருந்த 2024 நிதியாண்டிலும் பற்றாக்குறை 1.8 டிரில்லியன். அதுவும் தவறுதான். அந்த ஆண்டில் நிகர வட்டிச் செலவு மட்டும் சுமார் 880 பில்லியன், ராணுவச் செலவைவிட அதிகம்.

இனி நம் குடும்பக் கடன். இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத நினைத்தேன்.

அண்ணன் மகன் நாட்டின் கடனைப் பற்றிக் கவலைப்படுபவன், நல்ல பிள்ளை. ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "அத்தை, என் கிரெடிட் கார்டு கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்" என்றான். வேலை மாற்றத்தின் இடைவெளியில் சேர்ந்த பாக்கி 8,400 டாலர், வட்டி 22 சதவீதம். வங்கி கேட்ட குறைந்தபட்சத் தொகையை மாதம் தவறாமல் கட்டிவந்திருக்கிறான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். மாத வட்டி மட்டும் 154 டாலர். வட்டியோடு அசலில் ஒரு சதவீதம் என்று குறைந்தபட்சத் தொகையையே கட்டிப் போனால் அடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டி 13,000 டாலரைத் தாண்டும். மாதம் 321 டாலர் என்று நிலையாகக் கட்டினால் மூன்றே ஆண்டுகளில் முடிந்துவிடும். வட்டி 3,150 அளவில் நிற்கும்.

இந்தக் கணக்கு அவனுடைய மாத அறிக்கையிலேயே அச்சாகியிருந்தது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் எத்தனை ஆண்டுகள் ஆகும், மூன்று ஆண்டுகளில் அடைக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கட்டம் போட்டுக் காட்டும்படி 2009 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்ட கிரெடிட் கார்டுச் சட்டம் வங்கிகளைக் கட்டாயப்படுத்தியது. வட்டியை உயர்த்த 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றதும் அதே சட்டம். அதிபர்களின் மரபு என்று டிரில்லியன்களைப் பேசுகிறோம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடிய மரபு அந்தச் சிறிய கட்டத்துக்குள் இருக்கிறது, பலர் அதைப் படிப்பதே இல்லை.

ஒவ்வொரு ஆட்சியும் இப்படி நம் கார்டில் கை வைத்திருக்கிறது. 1980 மார்ச்சில் கார்ட்டர் பணவீக்கத்தை அடக்கக் கடனுக்குக் கட்டுப்பாடு விதித்தார். மக்கள் பயந்து செலவை நிறுத்த, பொருளாதாரம் சட்டென்று விழுந்தது, ஜூலையிலேயே கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ரீகனின் 1986 சட்டம் கார்டு வட்டிக்கு இருந்த வருமான வரிக் கழிவைப் படிப்படியாக ஒழித்தது. வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவை மட்டும் வைத்துக்கொண்டது. விளைவு, வீட்டை அடகு வைத்துக் கார்டு பாக்கியை அடைக்கும் பழக்கம் பரவியது. இளைய புஷ் 2005இல் கையெழுத்திட்ட சட்டம் திவாலாகி விடுபடுவதைக் கடினமாக்கியது.

வட்டி விகிதத்துக்கு ஃபிரெட்டில் அருமையான வரிசை உண்டு: வங்கிகளின் கிரெடிட் கார்டு சராசரி வட்டி, 1994 முதல். 2015 வாக்கில் சுமார் 12 சதவீதம். 2023, 2024இல் 21ஐத் தாண்டியது. அதே படத்தில் ஃபெடரல் ரிசர்வ் தானே நிர்ணயிக்கும் கொள்கை வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கார்டுகளின் வட்டி அதைப் பின்தொடர்ந்து தானாகவே ஏறும். ஆனால் ஒன்றை மற்றதிலிருந்து கழித்துப் பாருங்கள். 2015இல் இடைவெளி 12 சதவீதப் புள்ளிகள். 2023இன் இறுதியில் ஏறக்குறைய 16. அந்தக் கூடுதல் நான்கு புள்ளிகளுக்கு ஃபெடரல் ரிசர்வ் காரணமில்லை. வங்கிகள் தம் பங்கைக் கூட்டிக்கொண்டன. இந்தக் கழித்தலைச் செய்ய ஒரு நிமிடம் போதும். செய்து பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பற்றாக்குறைச் செலவும் குடும்பக் கடனும் சந்திக்கும் இடமும் அதிலேயே இருக்கிறது. வங்கிகளிடம் உள்ள கிரெடிட் கார்டு பாக்கியின் வாராந்தர வரிசையைத் திறந்து 2020, 2021ஆம் ஆண்டுகளை மட்டும் பெரிதாக்குங்கள். கோடு செங்குத்தாக இறங்கும். அந்தக் காலத்தில்தான் அரசு ஆளுக்கு 1,200 டாலர், பிறகு 600, பிறகு 1,400 என்று அனுப்பியது. முதல் இரண்டும் டிரம்ப் காலத்தில், மூன்றாவது பைடன் காலத்தில். அரசு கடன் வாங்கியது, குடும்பங்கள் கடன் அடைத்தன. வெளியே போக வழியில்லாமல் செலவு குறைந்ததும் சேர்ந்துகொண்டது. பிறகு விலைவாசி ஏறியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். இறங்கிய கோடு திரும்பி ஏறி, 2023இல் நாட்டின் கார்டு பாக்கி முதன்முறையாக ஒரு டிரில்லியனைக் கடந்தது. அந்தச் செலவு நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. முதல் தவணை அவசியம் என்பேன். மூன்றாவதை எல்லோருக்கும் அவ்வளவு பரவலாகக் கொடுத்திருக்கத் தேவையில்லை என்பேன். மகள் இதற்குக் கடுமையாக மறுப்புச் சொல்வாள். வாடகை கட்ட முடியாமல் இருந்த தோழிகளை அவள் அறிவாள்.

அண்ணன் அடிக்கடி சொல்லும் வாதம், குடும்பம் வரவுக்குள் வாழும்போது அரசும் அப்படித்தான் வாழ வேண்டும் என்பது. ஃபிரெட்டை வைத்துக்கொண்டே இதற்குப் பதில் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வெளியாரிடம் இருந்த கடன் உற்பத்தியில் 100 சதவீதத்துக்கு மேல். 1974 வாக்கில் கால் பங்குக்கும் கீழே. இடையில் அந்தக் கடனை யாரும் முழுவதும் அடைக்கவில்லை. பொருளாதாரம் வளர்ந்தது, பணவீக்கம் கடனின் மதிப்பைக் கரைத்தது, வட்டி குறைவாக வைக்கப்பட்டது. அரசு முதிர்ந்த பத்திரத்துக்குப் பதில் புதிய பத்திரம் விற்கிறது, தன் நாணயத்திலேயே கடன் வாங்குகிறது. 2024இல் அதன் கடனுக்கான சராசரி வட்டி 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். அண்ணன் மகனுக்கு 22. ஆகவே அரசைக் காட்டிக் குடும்பம் கடன் வாங்கவும் கூடாது, குடும்பத்தைக் காட்டி அரசை மந்த காலத்தில் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லவும் கூடாது. அதே சமயம், வட்டிச் செலவு வரிசையை 2021இலிருந்து பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உற்பத்தியின் பங்காக அது 1990களின் தொடக்கத்தில் இருந்த உச்சத்தை எட்டிப்பிடித்துவிட்டது. இந்த இடத்தில் நான் அண்ணன் கட்சி.

ஃபிரெட்டின் பெரிய குறை சராசரி. குடும்பங்களின் வருமானத்தில் கடன் தவணைக்குப் போகும் பங்கு என்ற வரிசையைப் பார்த்தால் 2007 உச்சத்தைவிட இப்போது எவ்வளவோ கீழே, எல்லாம் நலம் என்று தோன்றும். பழைய குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவரும், கார்டில் மாட்டிக்கொண்ட வாடகை வீட்டுக்காரரும் அதே சராசரிக்குள் இருக்கிறார்கள். இதற்கு ஓரளவு மாற்று அதே சேவையில் உண்டு: சொத்தையும் கடனையும் மக்கள் பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஃபெடரல் ரிசர்வின் கணக்குகள், 1989 முதல். கீழ்ப்பாதிக் குடும்பங்களின் நுகர்வுக் கடனைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். ஆனால் தேடினால்தான் கிடைக்கும். முதல் பக்கத்தில் யாரும் காட்டமாட்டார்கள். தேடும் பெட்டியும் பொருளாதாரச் சொற்கள் பழகியவருக்கே எளிது. கைபேசியில் பார்க்கலாம், ஆனால் சூத்திரம் எழுதிக் கோடுகளைச் சேர்க்கக் கணினிதான் வசதி.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மொத்தக் கடனை முதலில் திறக்காதீர்கள். ஆண்டுப் பற்றாக்குறையை உற்பத்தியின் சதவீதமாகக் காட்டும், 1929 முதல் இருக்கும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வேலையின்மை விகிதத்தைச் சேருங்கள். சாம்பல் பட்டைகளை அணைக்காதீர்கள். கீழே உள்ள குறிப்பில் நிதியாண்டா நாட்காட்டி ஆண்டா என்று படியுங்கள். பிறகு கார்டு வட்டி வரிசையைத் தனியாகத் திறந்து, உங்கள் மாத அறிக்கையில் இருக்கும் விகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரியைவிட உங்களுடையது அதிகமாக இருந்தால் வங்கியை அழைத்துக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அண்ணன் மகன் கேட்டான். முதல் முறை மறுத்தார்கள், இரண்டாம் முறை மூன்று புள்ளிகள் குறைத்தார்கள்.